தேக்கா ஓரத்து நட்சத்திரமும் பேரீச்சம்பழத் தேனும்

தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு, புக்கிட் தீமா சாலையைக் கடந்து சிலிகி ரோட்டுப் பக்கம் நடப்பவர்கள் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். சாலையின் வளைவோடு வளைந்து நிற்கும் எல்லிசன் கட்டடத்தின் உச்சியில் 1924 என்ற ஆண்டும் ஓர் ஆறு முனை நட்சத்திரமும் இருக்கும். நம்மவர் பலருக்கு அது முருகனின் அறுகோணச் சக்கரம்போலத் தோன்றும். நடுவில் ஓர் 'ஓம்' மட்டும்தான் குறை. ஆனால் அது தாவீதின் நட்சத்திரம், யூதர்களின் அடையாளம். இன்னும் சற்று நடந்தால், மிடில் ரோட்டு முனையில் 1928ல் எழுந்த டேவிட் இலாயஸ் கட்டடத்திலும் அதே நட்சத்திரம்.

வானொலியில் பண்டிகைக்காலச் சிறப்பு நிகழ்ச்சிகளுக்காகச் சிங்கப்பூரில் எந்தெந்தச் சமூகம் என்னென்ன இனிப்பு செய்கிறது என்று நான் தகவல் திரட்டுவதுண்டு. அப்படித் தேடும்போதுதான் இந்த நட்சத்திரங்களுக்குக் கீழே ஒரு காலத்தில் என்ன மணம் வீசியிருக்கும் என்ற கேள்வி வந்தது. தேன், வால்நட், பாதாம், ஏலக்காய், பன்னீர். நம் வீட்டு அடுப்படிக்கு எதுவுமே அந்நியமில்லை. படித்ததோடு நிறுத்த மனம் வராமல், சில இனிப்புகளை எங்கள் வீவக வீட்டுச் சமையலறையில் செய்தும் பார்த்தேன். செய்முறையைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தத் தெருக்களைப் பற்றி.

மஹல்லா என்ற வட்டாரம்

சிங்கப்பூருக்கு முதலில் வந்த யூதர்களில் பெரும்பாலோர் பாக்தாத்தை வேராகக் கொண்டவர்கள். நேராக வந்தவர்களைவிட பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரங்கூனிலும் தங்கி வணிகம் செய்து, பிறகு இங்கு வந்து சேர்ந்தவர்கள் அதிகம். வீட்டில் அரபு பேசினார்கள். இந்தியச் சமையல்கட்டுகளிலிருந்து மஞ்சளையும் கறி மசாலாவையும் எடுத்துக்கொண்டார்கள். மிடில் ரோடு, சிலிகி ரோடு, வில்கி ரோடு, சோஃபியா ரோடு, வாட்டர்லூ ஸ்திரீட் என்று அவர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதிக்கு 'மஹல்லா' என்று பெயர். வட இந்தியாவில் 'மொஹல்லா' என்கிறார்களே, அதே சொல்தான்.

வாட்டர்லூ ஸ்திரீட் என்றதும் நமக்கு ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயமும், அதன் பக்கத்தில் ஊதுவத்திப் புகை சூழ்ந்த குவான் இம் கோயிலும் நினைவுக்கு வரும். அதே தெருவில்தான் 1878ல் திறக்கப்பட்ட மகேன் அபோத் யூத வழிபாட்டுத் தலமும் இருக்கிறது. தென்கிழக்காசியாவில் இன்றும் நிற்கும் யூத வழிபாட்டுத் தலங்களில் அதுவே மிகப் பழையது. பாக்தாத்தில் பிறந்து, கல்கத்தாவில் படித்து, இங்கு பெருவணிகராக வளர்ந்த மனாசே மேயர் அதை எழுப்புவதில் முன்னின்றார். பிறகு 1905ல் ஆக்ஸ்லி ரைஸில் செசெட் எல் என்ற இன்னொரு தலத்தையும் கட்டினார். இரண்டும் இன்று தேசிய நினைவுச் சின்னங்கள். 1955ல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷல் இந்த பாக்தாத் யூதச் சமூகத்தில் பிறந்தவர் என்பது பள்ளிப் பாடத்திலேயே வந்ததுதான், நாம்தான் மறந்திருப்போம்.

ஜப்பானியர் ஆட்சியில் யூதக் குடும்பங்கள் சாங்கியிலும் பிறகு சைம் ரோட்டிலும் முகாம்களில் அடைக்கப்பட்டன. போர் முடிந்ததும் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இஸ்ரேலுக்கும் கிளம்பிப் போனார்கள். போருக்கு முன் ஆயிரத்தைத் தாண்டியிருந்த சமூகம் சில நூறாகச் சுருங்கியது. மஹல்லாவின் வீடுகளில் வேறு ஆட்கள் குடியேறினார்கள், கடைகள் மாறின. கட்டடங்களைக் காப்பாற்ற ஆட்கள் இருக்கிறார்கள். எல்லிசன் கட்டடம் 2008ல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. வடக்கு தெற்கு விரைவுச்சாலைப் பணிக்காக அதன் ஒரு பகுதி இடிக்கப்படும் என்று 2016ல் செய்தி வந்தபோது மரபுடைமை ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள். ஆனால் ஒரு பலகாரத்தை அரசிதழில் அறிவித்துப் பாதுகாக்க முடியாது. அதைக் கிளறுகிற கை அந்தத் தெருவை விட்டுப் போய்விட்டால் அதுவும் கூடவே போய்விடும். கல்கத்தாவில் ஒரு கடையாவது மிஞ்சியது. அங்கு நியூ மார்க்கெட்டில் இருக்கும் நஹூம்ஸ் என்ற ரொட்டிக்கடை, 1902ல் ஒரு பாக்தாத் யூதர் தொடங்கிய வியாபாரம். பக்லாவா வாங்க இன்றும் அங்கு கூட்டம் நிற்கிறது. சிலிகி ரோட்டில் அப்படி எதுவும் மிஞ்சவில்லை.

தேனீ இல்லாத தேன்

யூத இனிப்பு என்றாலே தேன்தான் முதலில் வருகிறது. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் அவர்களுடைய புத்தாண்டான ரோஷ் ஹஷனாவில், வரும் ஆண்டு இனிக்கட்டும் என்று ஆப்பிள் துண்டைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள். இடைக்கால ஐரோப்பாவில் யூதப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் முதல் நாளில், பலகையில் எழுத்துகளை எழுதி, அதன்மேல் தேன் தடவி நக்கச் சொல்வார்களாம். விஜயதசமியன்று அரிசியில் 'அ' எழுதிப் பழகிய நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர்களுடைய மறைநூலில், வாக்களிக்கப்பட்ட நாட்டின் செழிப்பைச் சொல்லும் இடத்தில் பாலோடு சேர்ந்து வரும் தேன், பெரும்பாலும் பேரீச்சம்பழத்திலிருந்து காய்ச்சிய தேன்தான் என்பது மரபான விளக்கம். தேனீ வளர்ப்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. இஸ்ரேலில் டெல் ரெஹோவ் என்ற இடத்தில் ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டு பழைமையான தேன்கூட்டு வரிசைகளைத் தொல்லியலாளர்கள் கண்டுபிடித்து 2007ல் அறிவித்தார்கள். எப்படியும், ஈராக் மண்ணில் வாழ்ந்தவர்களுக்குப் பேரீச்சைதான் கைக்கெட்டும் இனிப்பு. அதைக் காய்ச்சி எடுக்கும் பாகை 'சிலான்' என்பார்கள். அதன்மேல் பொடித்த வால்நட்டையோ பாதாமையோ தூவினால் 'ஹாலெக்'. மார்ச், ஏப்ரலில் வரும் பாஸ்கா பண்டிகை விருந்தில் இது கட்டாயம் இருக்க வேண்டும். எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர், செங்கல் அடுக்கப் பூசிய சாந்தை நினைவுபடுத்தும் உணவு அது. அடிமை வாழ்வின் சாந்தை இவ்வளவு இனிப்பாகவா நினைவு வைத்துக்கொள்வார்கள் என்று எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. வேப்பம்பூவையும் வெல்லத்தையும் ஒரே பச்சடியில் கலந்து சித்திரைப் பிறப்பன்று சாப்பிடுகிறவர்கள் நாம் என்பது பிறகுதான் உறைத்தது.

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வழி வேறு. குளிர்நாடு, பேரீச்சை கிடையாது. அவர்களுக்குத் தேனீயின் தேன்தான். அதில் வால்நட்டைக் கொட்டிக் கிளறி, பலகையில் தட்டி, சாய்சதுரமாக வெட்டினால் 'நூண்ட்'. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு வசதியான வீட்டுச் சித்தப்பா பிள்ளைபோல இருக்கும். நூண்ட் செய்வது பூரிம் பண்டிகைக்கு. அன்று குறைந்தது இரண்டு வகைத் தின்பண்டங்களைத் தட்டில் வைத்து நண்பர் வீட்டுக்கு அனுப்புவது அவர்களுக்குக் கடமை. தீபாவளிக்கு முறுக்கையும் அதிரசத்தையும் வைத்து எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும் பக்கத்துவீட்டுச் சீனப் பாட்டிக்கும் தட்டு அனுப்புகிறோமே, அதேதான். பாக்தாத் யூதர்கள் பூரிமுக்கு ஏலக்காய் போட்ட பாதாம் பிஸ்கட் செய்வார்கள், 'ஹாஜி பாதா' என்று பெயர்.

ஒரு விநோதம். தேனீ, யூத உணவுச் சட்டப்படி உண்ணத்தகாத உயிர். உண்ணத்தகாத உயிர் தருவதும் பொதுவாக ஆகாது. ஆனால் தேன் மட்டும் ஆகும். காரணம், தேன் தேனீயின் உடலில் ஊறுவதில்லை, பூவிலிருந்து எடுத்துவந்து சேர்ப்பது என்று அவர்களுடைய பண்டைய அறிஞர்கள் வாதாடி முடிவு சொல்லியிருக்கிறார்கள். இன்னொன்று, ஐரோப்பிய வழி யூதர்கள் சிலர் புத்தாண்டன்று கொட்டை வகைகளைத் தொடமாட்டார்கள். கொட்டையைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் எண்மதிப்பும் பாவத்தைக் குறிக்கும் சொல்லின் எண்மதிப்பும் ஒன்றாக வருகிறதாம். எண்கணிதம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ளும் நம் ஆட்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள்.

அடுப்படிக்குப் போவோம்

ஹாலெக்கில் தொடங்குகிறேன். பொறுமை மட்டும் இருந்தால் போதும், பாகுப் பதம் தெரியாதவர்களும் செய்யலாம்.

மென்மையான பேரீச்சம்பழம் ஒரு கிலோ. சிராங்கூன் சாலைக் கடைகளில் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது, நோன்பு மாதத்தில் வகையும் அதிகம். விலை உயர்ந்த பழம் வேண்டாம், எப்படியும் கரைக்கப்போகிறோம். கொட்டையை எடுத்துவிட்டு இரண்டு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் அதே தண்ணீரோடு மிதமான தீயில் ஒரு மணி நேரம் வேக விட்டால் பழம் முழுவதும் குழைந்துவிடும். ஆறியதும் வெளுத்த வேட்டித் துணியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பிழிய வேண்டும். இங்கேதான் கை வலிக்கும். மிக்சியில் அடித்துவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் சதையெல்லாம் சாற்றோடு கலந்து, தேன் வராமல் ஜாம் வரும். பிழியத்தான் வேண்டும்.

பிழிந்த சாறு பார்க்க அழகாக இருக்காது. "என்னடி இது, பேரீச்சம்பழ ரசமா?" என்று அம்மா கேட்டார். அதை அகலமான, அடிகனமான பாத்திரத்தில் ஊற்றிக் காய்ச்சுங்கள். முதல் ஒரு மணி நேரம் அவ்வப்போது கிளறினால் போதும். கடைசி இருபது நிமிடம் தீயைக் குறைத்துவிட்டு அங்கேயே நிற்க வேண்டும். ஒலியோடு பிழைப்பு நடத்துகிறவள் என்பதால் நான் காதை வைத்துத்தான் பதம் பார்த்தேன். தண்ணீர் இருக்கும்வரை சலசலவென்று கொதிக்கும். பாகு கெட்டியாகத் தொடங்கியதும் அந்தச் சத்தம் அடங்கி, 'ப்ளப், ப்ளப்' என்று குமிழிகள் கனமாக வெடிக்கும். அப்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டுச் சாய்த்துப் பாருங்கள். மெதுவாக நகர்ந்தால் அடுப்பை அணைத்துவிடலாம். சூட்டில் சற்று நீர்க்கத்தான் இருக்கும், ஆறினால் இறுகும். ஒரு கிலோ பழத்துக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். சர்க்கரை ஒரு துளி சேர்க்கவில்லை, ஆனாலும் இது இனிப்புதான். நீரிழிவு உள்ளவர்கள் 'இயற்கை' என்ற சொல்லை நம்பிக் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டுவிட வேண்டாம்.

பரிமாறும்போது கிண்ணத்தில் பாகை ஊற்றி, லேசாக வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்த வால்நட்டைத் தாராளமாகத் தூவுங்கள். அவர்கள் புளிக்காத ரொட்டியில் தொட்டுக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் தோசைக்குப் போனது. துணியில் மிஞ்சிய சதையை எறிந்துவிடாதீர்கள். அம்மா அதில் வறுத்த எள்ளையும் தேங்காய்த் துருவலையும் சேர்த்து உருண்டை பிடித்துவிட்டார்.

அடுத்தது நூண்ட். தேன் ஒரு கோப்பை, சர்க்கரை அரை கோப்பை, கையால் உடைத்த வால்நட் நான்கு கோப்பை, சுக்குப் பொடி ஒரு தேக்கரண்டி. சுக்கு நான் வலிந்து சேர்த்தது அல்ல, கிழக்கு ஐரோப்பிய யூத மிட்டாய்களில் இஞ்சிக்குத் தனி இடமே உண்டு. ஆழமான பாத்திரத்தில் தேனையும் சர்க்கரையையும் கொதிக்க விடுங்கள். தேன் நுரைத்துப் பொங்கும் என்பதால்தான் ஆழமான பாத்திரம். சர்க்கரை கரைந்ததும் வால்நட்டைக் கொட்டி, மிதத்துக்கும் குறைவான தீயில் பத்திலிருந்து பதினைந்து நிமிடம் விடாமல் கிளற வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டினால் கெட்டி உருண்டையாக வர வேண்டும். கடலைமிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்ச்சிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெல்லப்பாகுபோல 'டக்' என்று உடையும் பதத்துக்குக் காத்திருந்தால் தேன் கருகிக் கசந்துவிடும். நிறம் அடர்ந்த தேன்மஞ்சளுக்கு வந்ததும் சுக்குப் பொடியைப் போட்டு இறக்கிவிடுங்கள்.

தண்ணீர் தெளித்த மரப்பலகையிலோ பட்டர் பேப்பரிலோ கொட்டி, ஈரக்கரண்டியால் அரை அங்குல உயரத்துக்குத் தட்டிப் பரப்புங்கள். கொதிக்கும் தேன் கையில் ஒட்டினால் எளிதில் விடாது, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பு இருக்கும்போதே சாய்சதுரமாக வெட்டிவிட வேண்டும், ஆறிவிட்டால் கத்தி இறங்காது.

நம் ஊர்க் காற்று நூண்டுக்கு எதிரி. தேன் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சிங்கப்பூரிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மழைநாளில் வெளியே வைத்தால் ஒரு மணி நேரத்திலேயே பிசுபிசுக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் தாள் வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

பாக்தாத் யூதர்களுக்கு 'லௌசினா' என்றும் ஓர் இனிப்பு உண்டு. அரபு மொழியில் 'லௌஸ்' என்றால் பாதாம். பாதாம் பொடியைச் சர்க்கரைப் பாகில் கிளறி, பன்னீரும் ஏலக்காயும் சேர்த்துச் சாய்சதுரமாக வெட்டுவார்கள். செய்முறையைத் தனியாக எழுதத் தேவையில்லை. நெய் சேர்க்காமல் பாதாம் கட்லி செய்யுங்கள், கடைசியில் ஒரு மேசைக்கரண்டி பன்னீரும் சில துளி எலுமிச்சைச் சாறும் விடுங்கள். அவ்வளவுதான். பாக்தாத்திலிருந்து பம்பாய் வழியாக வந்தவர்களுக்கும் நமக்கும் இடையில் யார் யாரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று பிரித்துச் சொல்வது கடினம். பழைய எபிரேய மொழியில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்ற சொல் நம் 'தோகை'யிலிருந்து போனது என்று கால்டுவெல் எழுதினார். கப்பலில் சொல்லே போகும்போது பலகாரம் போகாதா?

யாருக்குக் கொடுக்கலாம்?

செய்து முடித்ததும் அடுத்தவருக்குக் கொடுக்கத் தோன்றும். உங்கள் அலுவலகத்திலோ பிள்ளையின் பள்ளியிலோ யூத நண்பர் இருந்தால், கொடுக்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள். உணவுச் சட்டத்தைக் கடைப்பிடிப்பவர்கள் நம் வீட்டுப் பாத்திரத்தில் செய்ததைச் சாப்பிட முடியாது. பொருள் எல்லாம் சைவம் என்பது போதாது, பாத்திரமும் அடுப்பும்கூட அவர்களுக்குக் கணக்கு. ஹலால் சான்றிதழ் பார்த்து வாங்கும் முஸ்லிம் நண்பர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. வெட்டாத முழுப் பழங்களைக் கொடுத்தால் பொதுவாகச் சிக்கல் இருக்காது.

கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் எல்லா இனத்திலும் இருக்கிறார்கள். தட்டு அனுப்பும்போது இன்ன இன்ன கொட்டை இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனீயின் தேன் துளிகூட வேண்டாம், நாக்கில் தேன் தொட்டு வைக்கும் நம் வழக்கத்துக்காகவும் வேண்டாம். தேனில் சில வேளைகளில் இருக்கும் ஒரு கிருமியின் விதைகள் பச்சிளங்குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

கதையைக் கண்ணாலும் பார்க்க விரும்புபவர்களுக்கு, வாட்டர்லூ ஸ்திரீட் ஆலயத்தை ஒட்டிய ஜேக்கப் பல்லாஸ் நிலையத்தில் சிங்கப்பூர் யூதர்களைப் பற்றிய அரும்பொருளகம் 2021ல் திறக்கப்பட்டது. பாதுகாப்பு ஏற்பாடுகள் உண்டு என்பதால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு போவது நல்லது. கிருஷ்ணன் கோயிலுக்குப் போகும் நாளிலேயே சேர்த்துப் பார்த்துவிடலாம், சில நிமிட நடைதான்.

சிலான் புட்டியை நான் இன்னும் தீர்க்கவில்லை. குளிர்பதனப் பெட்டியில் சில வாரம் தாங்கும். இந்தத் தீபாவளிக்கு அதிரசத்தைக் கடையில் வாங்குவதா, வீட்டிலேயே மாவு புளிக்க வைத்துச் சுடுவதா என்று அம்மாவும் நானும் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். அம்மாவின் பதம் அம்மாவின் விரலில் மட்டும்தான் இருக்கிறது, எங்கும் எழுதி வைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை பாகு காய்ச்சும்போது பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவுக் கருவியையும் எடுத்துக்கொண்டு நிற்பதாக இருக்கிறேன்.